அறக்கோட்டமும் ஆர்ப்பாட்டமும்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம். ஏழு நாள்களில் அன்று ஆறாம் நாள். ஊர்க் குளத்தில் மண்டிக்கிடந்த ஆகாயத்தாமரையை வாரிப் போட்டுவிட்டு மாணவர்கள் கரையேறிக்கொண்டிருந்தனர். அந்நேரத்தில், பள்ளிக்கூடத்துக்குச் செல்லும் சாலையில் பெண்கள் முப்பது நாற்பது பேர் வந்து அமர்ந்துவிட்டார்கள். அங்கிருந்த மதுக்கடையை அகற்ற வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அவர்களுள் சிலர் முந்தைய ஐந்து நாள்களும் நம் மாணவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள்.

திட்ட அலுவலராக நாம் அங்கே இருந்தோம். ஒரு மாணவர் சேற்றுக் காலோடு வந்து, "ஐயா, நாங்களும் போய் உட்காரலாமா?" என்றார்.

"கூடாது தம்பி. நாம் வந்தது தொண்டு செய்ய. இது அரசியல்" என்றோம்.

"சரிங்க ஐயா" என்று திரும்பியவர், நாலடி போய் நின்று, "போன மாதம் அரசு விழாவுக்கு நம்மைப் பேருந்தில் கூட்டிப்போய்ப் பந்தலில் உட்கார வைத்தார்களே ஐயா, அது எதில் சேரும்?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அறியும் விருப்போடுதான் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. "கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். இக்கட்டுரை அந்த மாணவருக்கு நாம் காலந்தாழ்த்திச் சொல்லும் விடை.

*

மாணவர் தொண்டு அமைப்புகள் அரசியல் ஆர்ப்பாட்டங்களில் பங்கேற்கலாமா என்னும் கேள்வி நம் கல்லூரிகளில் அவ்வப்போது எழுந்து, விடை காணாமலே அடங்கிவிடுகிறது. அடங்குவதற்குக் காரணம், கேள்வி தெளிவாகக் கேட்கப்படாமைதான். 'மாணவர்கள் அரசியலில் ஈடுபடலாமா?' என்பது ஒரு கேள்வி. 'மாணவர்களின் தொண்டு அமைப்பு, அமைப்பு என்ற முறையில், ஓர் அரசியல் ஆர்ப்பாட்டத்தில் நிற்கலாமா?' என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால், முதலாவதற்கு 'ஆம்' என்பவர்கள் இரண்டாவதற்கும் 'ஆம்' என்கிறார்கள். இரண்டாவதற்கு 'இல்லை' என்பவர்கள் முதலாவதற்கும் 'இல்லை' என்கிறார்கள்.

முதற் கேள்விக்கு நாடு எப்போதோ விடை சொல்லிவிட்டது. 1988ஆம் ஆண்டின் 61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வாக்குரிமை வயதை 21லிருந்து 18 ஆகக் குறைத்தது. நம் வகுப்பறைகளில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் வாக்காளர்கள். ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் தகுதியுடைய ஒருவருக்கு ஆட்சியைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை என்பது நகைப்புக்குரிய வாதம். தமிழகத்தின் அண்மை வரலாறோ மாணவர்களைத் தவிர்த்து எழுத முடியாதது. 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாணவர் போராட்டமாகவே நடந்தது. அவ்வாண்டு சனவரி 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தார். அப்போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன்தான் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தார். 2013 மார்ச்சில் ஈழத் தமிழருக்காகச் சென்னைக் கல்லூரி மாணவர் சிலர் தொடங்கிய உண்ணாநோன்பு தமிழகமெங்கும் பரவியது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

எனவே மாணவர் அரசியல் பேசலாமா என்பது முடிந்துபோன வழக்கு. நாம் பேச வந்தது இரண்டாவது கேள்வியை.

*

நாட்டு நலப்பணித் திட்டம் எதற்காகப் பிறந்தது என்பதை நினைவுகூர்வது நல்லது. கல்வி நிலையங்களில் தேசியத் தொண்டு இடம்பெற வேண்டும் என்று, அதுவும் மாணவரின் விருப்பத்தின் பேரில் அமைய வேண்டும் என்று, இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு விடுதலையடைந்த சில ஆண்டுகளிலேயே கருதியது. அதன்பின் தேசுமுக் குழு, கோத்தாரிக் குழு என்று பல குழுக்கள் பேசிப் பேசி, கடைசியில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள் என்பது தொடக்கக் கணக்கு. 'எனக்காக அன்று, உனக்காக' என்னும் பொருள்படும் குறிக்கோள் தொடர். கோனார்க் தேர்ச்சக்கரத்தைக் கொண்ட இலச்சினை. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி. தத்தெடுத்த கிராமத்தில் ஒரு முகாம். இதுதான் அதன் உடல்.

உயிர் எங்கே இருக்கிறது? அதன் நோக்கங்களை ஒருமுறை படித்துப் பார்த்தால் தெரியும். தாம் பணிசெய்யும் சமூகத்தை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். அச்சமூகத்தோடு தமக்குள்ள உறவைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் தேவைகளையும் சிக்கல்களையும் கண்டறிந்து அவற்றைத் தீர்ப்பதில் ஈடுபட வேண்டும். குடிமைப் பொறுப்புணர்வு பெற வேண்டும். குளத்தைத் தூர்வாருவது இவற்றுக்கெல்லாம் ஒரு வாயில். குளம் ஏன் தூர்ந்தது, வாய்க்காலை மறித்தவர் யார் என்று கேட்கத் தொடங்கும்போதே கல்வி தொடங்குகிறது. அக்கேள்வி எங்கே போய் முடியும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அது ஊராட்சி அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோதான் முடியும். தொண்டுக்கும் அரசியலுக்கும் நடுவே நாம் கட்டிவைத்திருக்கும் மதில் அவ்வளவு உயரமானதன்று.

இதைச் சுட்டிக்காட்டித்தான் ஒரு சாரார், தொண்டு அமைப்பு ஆர்ப்பாட்டத்திலும் நிற்க வேண்டும் என்கிறார்கள். காரணத்தைத் தொடாத தொண்டு புண்ணை மூடும் துணி மட்டுமே என்பது அவர்கள் வாதம். எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. ஆயினும் நாம் அதை ஏற்கவில்லை. மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, அமைப்பு யாருடையது என்பது. ஓர் அலகில் நூறு மாணவர்கள் இருக்கிறார்கள் என்றால் நூறு வீடுகளின் அரசியல் அங்கே இருக்கிறது. எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் உண்டு. கட்சியே வேண்டா என்பவரும் உண்டு. அவர்கள் சேர்ந்தது குருதிக்கொடை அளிக்கவும் மரம் நடவும் கிராமத்தில் தங்கவும். அந்த இணக்கத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு கொடியின் கீழ் நிறுத்துவது அவர்கள் தராத ஒன்றை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும்.

இரண்டாவது, மதிப்பெண். இதை நம் ஆசிரியர்களே பேசத் தயங்குகிறார்கள். தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் பகுதி ஐந்து என்று ஒன்று உண்டு. விரிவாக்கப் பணிகளுக்கு உரியது. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் முதலியவற்றில் ஒன்றில் சேர்ந்து பணி செய்தால் அதற்குரிய மதிப்புப் புள்ளி கிடைக்கும். அதை வழங்கும் எழுதுகோல் திட்ட அலுவலரின் கையில் இருக்கிறது. அந்தக் கையே, 'விருப்பமுள்ளவர்கள் ஆர்ப்பாட்டத்துக்கு வரலாம்' என்று சைகை காட்டினால், விருப்பமில்லாத எத்தனை பேர் துணிந்து வராமல் இருப்பார்கள்? அழைப்பவர் நல்லவராக இருக்கலாம். கோரிக்கையும் நியாயமானதாக இருக்கலாம். ஆயினும் அங்கே கூடும் கூட்டத்தைத் தன்னார்வலர் கூட்டம் என்று சொல்ல இயலாது.

மூன்றாவது, கதவு. ஊருக்குள் போகும் தொண்டருக்கு எல்லா வீட்டுக் கதவும் திறக்க வேண்டும். 2004 ஆழிப்பேரலையின் போதும், 2015 சென்னை வெள்ளத்தின் போதும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைப் புரட்டிப் போட்டபோதும், உணவுப் பொட்டலத்தோடு வந்த பிள்ளைகளை எவரும் 'நீ எந்தக் கட்சி?' என்று கேட்டுவிட்டு உள்ளே விடவில்லை. இரண்டு தெருக்கள் ஒன்றோடொன்று பேசாத ஊரிலும் முகாம் மாணவர்கள் இரண்டு தெருவிலும் போய்க் கணக்கெடுத்து வருகிறார்கள். இந்த நம்பிக்கை பல ஆண்டுகளில் சேர்த்த முதல். ஒரு நாள் ஆர்ப்பாட்டத்தில் செலவழித்துவிட்டால் மீண்டும் சேர்ப்பது எளிதன்று.

காந்தியடிகளும் இவ்வாறே எண்ணினார். ஒத்துழையாமைக் காலத்தில் அரசுக் கல்லூரிகளைத் துறந்து வரும்படி மாணவர்களை அழைத்தவர் அவர். அவரே 1941இல் வெளியிட்ட நிர்மாணத் திட்டம் பற்றிய சிறுநூலில், மாணவர்கள் கட்சி அரசியலில் ஈடுபடலாகாது என்றும், அவர்கள் தேடுபவர்களே அன்றி அரசியலாளர்கள் அல்லர் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டே 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் மாணவர்கள் பெருந்திரளாக இறங்கினார்கள் என்பதும் வரலாறு. இதை முரண்பாடு என்று கொள்ளத் தேவையில்லை. அழைப்பு வந்தபோது மாணவர்கள் தத்தம் பொறுப்பில், விளைவை ஏற்கத் துணிந்து இறங்கினார்கள்.

மெரினாவில் நாம் கண்டதும் அதுதான். அங்கே வந்த இளைஞர்கள் எந்தத் தொண்டு அமைப்பின் பெயரையும் ஏந்தி வரவில்லை. ஆனால் குப்பையைப் பொறுக்கினார்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். தொண்டு உணர்வு அங்கே இருந்தது. தொண்டு அமைப்பின் கொடிதான் இல்லை. அது இல்லாததால் போராட்டம் எதையும் இழக்கவில்லை.

*

நிற்க. இதுவரை சொன்னவற்றைக் கேட்டுத் தலையசைக்கும் கல்லூரி நிர்வாகத்தினர்க்கு இனிச் சொல்வது உவப்பாக இராது.

தொண்டு அமைப்பு ஆர்ப்பாட்டத்தில் நிற்கக் கூடாது என்றால், அதே காரணங்களால் அது ஆட்சியாளர் விழாவிலும் நிற்கக் கூடாது. நூறு வீட்டு அரசியல் விழாப் பந்தலிலும் இருக்கிறது. மதிப்புப் புள்ளியின் அச்சம் அங்கேயும் இருக்கிறது. சொல்லப்போனால் அங்கேதான் மிகுதி. காலி நாற்காலிகளை நிரப்ப, வரவேற்பு வரிசையில் கொடியசைக்க, தலைவர் ஒருவரின் பிறந்தநாளன்று மரக்கன்று நட்டுப் படமெடுத்துக்கொள்ள மாணவர்கள் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அன்றைய வருகை, பணி மணி நேரத்தில் சேர்க்கப்படுகிறது. இவை 'நிகழ்ச்சி'. மக்கள் தெருவில் அமர்ந்தால் அது 'அரசியல்'. அதிகாரத்தின் பக்கம் நிற்பது தொண்டு, அதிகாரத்தைக் கேள்வி கேட்பது அரசியல் என்னும் இந்த அகராதியை எந்தப் பல்கலைக்கழகம் தொகுத்தது என்று தெரியவில்லை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதற்கு மறுபதிப்பு மட்டும் தவறாமல் வருகிறது.

நம் மாணவர் கேட்டது இதைத்தான். நடுநிலை என்பது துலாக்கோல். ஒரு தட்டை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு, மறுதட்டு அசையக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் உண்டு. நடுநிலை வேறு, மௌனம் வேறு. செஞ்சிலுவை இயக்கம் உலகுக்கே நடுநிலையைக் கற்பித்த இயக்கம். போர்க்களத்தில் இரு தரப்புக் காயத்துக்கும் கட்டுப் போட அந்த நடுநிலையே அதற்கு வழிவிட்டது. ஆயினும், இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் வதைமுகாம்களைக் குறித்துத் தான் வெளிப்படையாகப் பேசாதிருந்ததைப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவே பிற்காலத்தில் தன் தோல்வியாக ஒப்புக்கொண்டது. நைசீரியாவின் பயாஃப்ரா போரில் செஞ்சிலுவையின் கீழ்ப் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் சிலர், கண்டதைச் சொல்லாதிருக்க மனம் ஒப்பாமல், 1971இல் வேறு சிலரோடு சேர்ந்து 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பை நிறுவினர். அவர்களும் எந்தத் தரப்பின் கொடியையும் பிடிப்பதில்லை. ஆனால் கண்டதைச் சொல்வதும் மருத்துவத்தின் பகுதி என்று கருதுகிறார்கள்.

தமிழ் படித்த நமக்கு இதற்கு ஐரோப்பா வரை போகவேண்டிய தேவையும் இல்லை. கோவூர் கிழார் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே பேசியவர். சோழன் கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடவிருந்தபோது குறுக்கே நின்றவர். அவர் எப்பக்கத்துப் படையிலும் இல்லை. அதனால்தான் அவர் சொல் மன்னன் காதில் ஏறியது.

மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். அமுதசுரபியை ஏந்தி ஊரெல்லாம் பசியாற்றியவள் ஒரு நாள் சிறைக்கோட்டத்துக்குள்ளும் போகிறாள். அங்கிருந்தோர்க்கு உணவிடுகிறாள். செய்தி மன்னனுக்கு எட்டுகிறது. அழைத்து, வேண்டுவது யாது என்கிறான். அமுதசுரபி கையில் இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாதது. நாள்தோறும் வந்து சோறிட்டுப் போக அனுமதி கேட்டிருந்தால் அது நல்ல தொண்டு. அவள் அதைக் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை ஒழித்து அதை அறக்கோட்டமாக்கு என்று கேட்கிறாள். உள்ளே போய்ப் பார்த்தவள் என்பதால் அவளுக்கு அதைக் கேட்கும் தகுதி இருந்தது. தொண்டு அவளுக்குத் தந்த அறிவு அது. அந்த அறிவை அவள் பாத்திரத்துக்குள் போட்டு மூடி வைக்கவில்லை.

*

ஆகவே, நாம் கைக்கொள்ளக் கூடியது என்று கருதும் நெறி இது. அமைப்பு, அமைப்பாக, எந்தக் கட்சியின் மேடையிலும் தெருவிலும் நிற்க வேண்டா. ஆளும் கட்சியாயினும் எதிர்க்கட்சியாயினும் சரி. மாணவர் ஒருவர் தம் இலச்சினையையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டுத் தம் நேரத்தில் போய் நின்றால், அதற்காக அவர் எதையும் இழக்கக் கூடாது. நில்லாதவரும் எதையும் இழக்கக் கூடாது. முகாமில் கண்டறிந்த உண்மைகள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அறிக்கையோடு முடிந்துவிடாமல், அந்த ஊர் மக்களின் கைக்குப் போக வேண்டும். கிராம சபை சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடுகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்துள்ளன. அவ்வூர் வாக்காளர் அல்லாத நம் மாணவர் அங்கே தீர்மானம் கொண்டுவர இயலாது. ஆனால் அவர் எடுத்த கணக்கை அவ்வூரார் கையில் கொடுத்தால், அவர்கள் கொண்டுவர இயலும். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எப்படி விண்ணப்பம் எழுதுவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர இயலும். இதில் கொடி இல்லை, முழக்கம் இல்லை. ஆர்ப்பாட்டத்தை விட இது சில வேளை ஆள்வோர்க்கு மிகுந்த தொல்லை தரும்.

இலச்சினையைக் கழற்றிவிட்டால் ஆள் மாறிவிடுவாரா, இது வெறும் ஒப்பனை அல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆள் மாறமாட்டார். ஆனால் இலச்சினை அவர் ஒருவருடையது அன்று. மற்றத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் உரியது. பொதுவானதைத் தன் கருத்துக்குச் சான்றாக்காமல் இருப்பது ஒப்பனை ஆகாது, அது மரியாதை.

அநீதி கண்ணெதிரே நடக்கும்போதும் இப்படி நடுநிலை பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டால், கூடாது. முகாம் நடக்கும் ஊரின் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்தால் அங்கே நடுநிலைக்கு இடமே இல்லை. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்தாயிற்று. நாடு கூடி முடிவுசெய்த ஒன்றை நிலைநாட்டுவது எந்தக் கட்சியின் வேலையும் அன்று, எல்லோரின் கடமை. அங்கே அலகு முழுவதும் இலச்சினையோடு நிற்கலாம், நிற்க வேண்டும். கட்சிகளுக்கு நடுவே நடுநிலை உண்டு. நீதிக்கும் அநீதிக்கும் நடுவே நிற்க இடமில்லை. எது எந்த வகை என்று பிரித்தறிவது எப்போதும் எளிது என்று நாம் சொல்லவில்லை. பிரித்தறியப் பழகுவதற்குத்தானே கல்லூரி?

*

இனி அந்த ஆறாம் நாளுக்குத் திரும்புவோம்.

அன்று மாலை இரண்டு மாணவர்கள் தொப்பியையும் முகாம் சட்டையையும் கழற்றி மடித்துப் பாயின்மேல் வைத்துவிட்டு, அந்தப் பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டு இரவு உணவுக்கு வந்தார்கள். யாரும் சொல்லித்தராமலே நெறி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமோ வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினோம். முந்தைய மாதம் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முழு நாள் வருகை போட்டதும் இதே கைதான்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. முகாமின் மூன்றாம் நாளில் மாணவர்கள் ஊரில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்திருந்தார்கள். குடியால் கடன்பட்ட வீடுகள், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் என எல்லாம் அதில் இருந்தன. மதுக்கடைக்கும் பள்ளிக்கும் இடையே குறிப்பிட்ட தொலைவு இருக்க வேண்டும் என்று விதி இருப்பதைக் கேள்விப்பட்டு, இரண்டு பேர் கயிறு பிடித்து அந்தத் தொலைவையும் அளந்து எழுதியிருந்தார்கள். சாலையில் அமர்ந்த பெண்களிடம் அப்படி ஒரு தாள்கூட இல்லை. அவர்களிடம் குரல் மட்டுமே இருந்தது. வந்த அலுவலர் 'ஆவன செய்கிறோம்' என்று சொல்லிக் கலைத்து அனுப்பினார்.

அவர்களோடு நம் மாணவர்கள் தொண்டு அமைப்பாகப் போய் அமர வேண்டா என்று நாம் தடுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கணக்கேட்டை அவர்கள் கையில் கொடுத்திருக்கலாம். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. முகாம் அறிக்கையோடு அதைச் சேர்த்துக் கட்டித் துறை அலமாரியில் வைத்தோம். ஆய்வுக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்து, நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டிக் கையொப்பமிட்டுச் சென்றார்கள்.

கட்டு இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது.